முதுகெலும்பு நரம்பு அழுத்தம்: சிறுதுளை அறுவையும் திறந்த அறுவையும் உண்மையில் எங்கே வேறுபடுகின்றன?

ஒரே எம்.ஆர்.ஐ. படத்தோடு நான்கு மருத்துவர்களைப் பார்க்கும் நோயாளி நான்கு விதமான பதில்களோடு வீடு திரும்புவது முதுகுவலிச் சிகிச்சையில் அடிக்கடி நடக்கிறது. ஒருவர் ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் முதுகில் சிறிதாகத் திறந்து விலகிய ஜவ்வை எடுத்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர் விரல் நுனி அளவு துளையே போதும், மறுநாள் நடந்தே போகலாம் என்கிறார். நான்காமவரோ எலும்பை ஸ்க்ரூ போட்டுப் பிணைத்துவிட வேண்டும் என்கிறார். இவர்களில் யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவதும் உண்டு. ஆனால் இந்த நான்கு பதில்களுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன: அறுவை சிகிச்சை இப்போது தேவையா, நரம்பை எந்த வழியாகச் சென்றடைவது, எலும்பைப் பிணைக்க வேண்டுமா. விளம்பரங்கள் இரண்டாவது கேள்வியை மட்டுமே பெரிதாக எழுதுகின்றன. ஆய்வுகளைப் படித்தால், நோயாளியின் எதிர்காலத்தை அதிகம் தீர்மானிப்பவை முதலாவதும் மூன்றாவதும்தான் என்று தெரிகிறது.

இந்தக் கட்டுரை இடுப்புப் பகுதி முதுகெலும்பைப் பற்றியது மட்டுமே. கழுத்துப் பகுதியில் நசுங்குவது தண்டுவடமாகவே இருக்கக்கூடும் என்பதால் அங்கே கணக்குகள் வேறு.

நசுங்குவது எது, நசுக்குவது எது

இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இரண்டு எலும்புகளுக்கும் இடையே இருக்கும் மெத்தை போன்ற தட்டைத்தான் மருத்துவர்கள் டிஸ்க் என்றும், பேச்சுவழக்கில் நாம் ஜவ்வு என்றும் சொல்கிறோம். அதன் வெளிவளையம் நாரால் ஆன உறுதியான சுற்று. உட்பகுதி கூழ்போல இருக்கும். இந்த அடுக்குக்குப் பின்புறம் எலும்பாலான ஒரு குழாய் ஓடுகிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே, மெல்லிய உறைக்குள், நரம்பு வேர்கள் குதிரை வால் மயிர்போலத் தொங்குகின்றன. ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு ஜோடி வேர் பக்கவாட்டுத் துவாரம் வழியாக வெளியேறிக் காலுக்குச் செல்கிறது.

இந்த வேர்கள் நசுங்குவதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

1. ஜவ்வு விலகல். வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பின்னோக்கிப் பிதுங்கி ஒரு வேரை அழுத்துகிறது. முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் இது அதிகம். வலி இடுப்பைவிடக் காலில் கூடுதலாக இருக்கும். புட்டத்தில் தொடங்கிப் பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல இறங்கும். இதையே சயாட்டிகா என்கிறார்கள். அழுத்தம் மட்டுமே இந்த வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கூழில் உள்ள வேதிப்பொருள்கள் நரம்பைச் சுற்றி அழற்சியை உண்டாக்குவதும் சேர்ந்தே வலிக்கச் செய்கிறது. அழற்சி தணியும்போது, பிதுங்கல் அப்படியே இருந்தாலும் வலி குறைவதற்கு இதுவே காரணம்.

2. எலும்புக் குழாய் சுருங்குதல். இது முதுமையின் நோய். ஜவ்வு தட்டையாகிறது, பின்புற மூட்டுகள் தடிக்கின்றன, எலும்புகளைப் பின்னால் இணைக்கும் மஞ்சள் தசைநார் பருத்து உள்நோக்கி மடிகிறது. மூன்று பக்கமும் இடம் குறைந்து வேர்கள் மொத்தமாக நெருக்கப்படுகின்றன. இதன் அடையாளம் மிகத் தெளிவானது. சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து, மரத்து, மேலே ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் போகும். திண்ணையிலோ படியிலோ குனிந்து உட்கார்ந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். தெருமுனைவரை நடக்க முடியாத பெரியவர் சைக்கிளில் கடைத்தெருவரை போய்வருவார். குனியும்போது எலும்புக் குழாய் சற்று விரிவதே இந்த விந்தைக்குக் காரணம்.

சிலருக்கு இவற்றோடு ஓர் எலும்பு அடுத்த எலும்பின் மேல் முன்னோக்கி நழுவியும் இருக்கும். பிணைப்புப் பற்றிய கேள்வி பெரும்பாலும் இங்கேதான் எழுகிறது.

படம் சொல்வதும் கால் சொல்வதும்

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஏறத்தாழ எல்லோருக்கும் வரும் ஒரு வரி உண்டு: "எல்4-எல்5 மட்டத்தில் டிஸ்க் பல்ஜ், தீகல் சாக்கை இன்டென்ட் செய்கிறது." நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு சற்றுப் புடைத்து, நரம்புகளின் உறையைத் தொடுகிறது என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. நரம்பு வேர் நசுங்கியிருக்கிறது என்று இந்த வரி சொல்லவில்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. நரையைப் போல இதுவும் பெரும்பாலும் வயதின் தடம்.

ஆகவே படம் காலோடு பொருந்த வேண்டும். ஐந்தாவது இடுப்பு நரம்பு நசுங்கினால் கால் பெருவிரலை மேல்நோக்கித் தூக்கும் வலு குறையும். அதற்கு அடுத்த வேர் நசுங்கினால் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது கடினமாகும், கணுக்கால் அனிச்சை மறையும். மருத்துவர் சுத்தியலால் தட்டுவதும், பெருவிரலைத் தன் கையை எதிர்த்துத் தூக்கச் சொல்வதும் இந்தப் பொருத்தத்தைப் பார்ப்பதற்காகவே. காலைத் தொட்டே பார்க்காமல் படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அறுவைக்கு நாள் குறிப்பது, எந்த முறையாக இருந்தாலும், தவறான தொடக்கம்.

முதல் கேள்வி: அறுவை இப்போது தேவையா

2007இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே மிகவும் பயனுள்ளது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் சயாட்டிகாவால் வாடிய 283 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை. மற்றப் பிரிவுக்கு மருந்தும் பொறுமையும், தாங்காவிட்டால் பின்னர் அறுவை. அறுவைப் பிரிவினர் குணமாக எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம், அதாவது அவர்களில் பாதிப் பேர் குணமாக ஆன காலம், 4 வாரம். காத்திருந்தவர்களுக்கு 12 வாரம். ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவைக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் நேர்மையான விடை இதுதான்: ஜவ்வு விலகலில் அறுவை பெரும்பாலும் குணத்தை விரைவுபடுத்துகிறது, காத்திருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உடலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வெளியே வந்து விழுந்த துண்டை உடலின் எதிர்ப்புச் செல்கள் அந்நியப் பொருளாகக் கருதிச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. படத்தில் பார்க்க அச்சமூட்டும் பெரிய, முழுதும் பிரிந்துபோன துண்டுகள்தாம் சிறிய புடைப்புகளைவிட நன்றாகக் கரைகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிள்ளைகளைத் தூக்கவோ வண்டி ஓட்டவோ முடியாமல் கூலியை இழப்பவருக்கு எட்டு வார வேறுபாடு பெரியது. அவர் அறுவையைத் தேர்ந்தால் அது நியாயமே. பொறுத்துக்கொள்ள முடிந்தவர் காத்திருந்தாலும் இழப்பதற்கு அதிகமில்லை.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு.

1. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது அறியாமல் கசிவது, மலத்தை அடக்க முடியாமை, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி முழுவதும் மரத்துப்போவது. குதிரைவால் நரம்புக் கற்றையே நசுங்குகிறது என்பதன் அறிகுறிகள் இவை. அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதம்கூடச் சிறுநீர்க் கட்டுப்பாட்டை நிரந்தரமாக இழக்கச் செய்யலாம். இந்த நேரத்தில் துளையா திறப்பா என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது.

2. பாதம் தொங்கிப்போவது, செருப்பு தானாகக் கழன்று விழுவது போன்ற தசை வலுவிழப்பு நாளுக்கு நாள் கூடுவது.

எலும்புக் குழாய் சுருக்கத்தில் அவசரம் குறைவு. பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். நடக்கக்கூடிய தூரம் வாழ்க்கையையே சுருக்கிவிட்டதா என்பதுதான் அங்கே அளவுகோல்.

"திறந்த அறுவை" என்பது இன்று எது

குழப்பத்தின் பெரும்பகுதி இந்தச் சொல்லில் இருக்கிறது. பிதுங்கிய டிஸ்க்தான் சயாட்டிகாவுக்குக் காரணம் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934இல் நிறுவினார்கள். அக்காலத்தில் முதுகைப் பெரிதாகத் திறந்து, இருபக்கத் தசைகளையும் எலும்பிலிருந்து உரித்து, எலும்பின் பின்கூரையை முழுதாக அகற்றியே நரம்பைப் பார்க்க முடிந்தது. 1977இல் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் தனித்தனியே அறுவை நுண்ணோக்கியைப் பயன்படுத்திய முறையை வெளியிட்ட பிறகு அந்தப் பெரிய திறப்பு தேவையற்றுப் போனது. இன்று ஜவ்வு விலகலுக்குச் செய்யப்படும் வழக்கமான "திறந்த" அறுவை என்பது நுண்ணோக்கி வழிச் சிகிச்சையே. மைக்ரோடிஸ்செக்டமி என்று அறிக்கையில் எழுதுவார்கள். வெட்டு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்.

உள்ளே நடப்பதை அருகில் பார்ப்போம். நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார். வலிக்கும் பக்கத்துத் தசையை மட்டும் எலும்பிலிருந்து விலக்கி ஒரு விரிப்பானால் பிடித்துவைக்கிறார்கள். எலும்புக் கூரையின் விளிம்பில் சிறிதளவு செதுக்கியதும் மஞ்சள் தசைநார் தெரிகிறது. அதைத் திறந்தால் கொழுப்புக்கு நடுவே நரம்பு வேர் கிடக்கிறது. நல்ல வேர் வெளுத்து, தொட்டால் அசையும். நசுங்கிய வேர் சிவந்து, வீங்கி, அடியில் இருக்கும் ஏதோ ஒன்றின்மேல் வில்லாக வளைந்து இறுகியிருக்கும். அதை மெல்ல ஒரு பக்கம் ஒதுக்கிக் குறட்டால் இழுத்தால், நண்டுச் சதை போன்ற வெண்ணிறத் துண்டு ஒன்று வெளியே வருகிறது. இறுகிக் கிடந்த வேர் தளர்ந்து தன் இடத்தில் அமர்கிறது. அறுவையின் நோக்கம் இந்த நொடிதான். எந்த வழியில் போனாலும் இங்கேதான் வந்து சேர வேண்டும்.

எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய பெரிய திறப்பின் படத்தை இடப்பக்கமும் இன்றைய துளையின் படத்தை வலப்பக்கமும் போட்டு "பழைய முறை, புதிய முறை" என்று காட்டும் விளம்பரங்கள், நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இந்த மூன்று சென்டிமீட்டர் அறுவையை மறைத்துவிடுகின்றன. இது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

சிறுதுளை முறைகள்

1. குழாய் வழி முறை. அமெரிக்காவில் ஃபோலி, ஸ்மித் ஆகியோர் 1997இல் அறிமுகப்படுத்தியது. மெல்லிய குழாயின்மேல் சற்றுப் பெரிய குழாய் என்று ஒவ்வொன்றாகச் செலுத்தித் தசை நார்களை அறுக்காமல் விலக்குகிறார்கள். கடைசியில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலக் குழாய் நிற்கும். அதன் வழியே வேலை நடக்கும்.

2. முழு எண்டோஸ்கோப்பி முறை. ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் வெட்டு. இடுப்பின் பக்கவாட்டிலிருந்து, நரம்பு வெளியேறும் துவாரத்தருகே உள்ள, காம்பின் (Kambin) என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் முக்கோணமான பாதுகாப்பான இடைவெளி வழியாகக் கேமராவும் குறடும் ஒரே குழலில் நுழைகின்றன. உப்புநீர் இடைவிடாமல் ஓடிக் காட்சியைத் தெளிவாக்குகிறது. அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்ய முடியும். நரம்பில் கருவி பட்டால் அவரே சொல்லிவிடுவார்.

3. இருதுளை எண்டோஸ்கோப்பி. ஒரு துளையில் கேமரா, இன்னொன்றில் கருவி. தென்கொரிய மருத்துவர்கள் பரவலாக்கியது. எலும்புக் குழாய் சுருக்கத்துக்கும் இது பயன்படுகிறது.

லேசர் சிகிச்சையை இவற்றோடு சேர்த்து எண்ணக் கூடாது. ஊசி வழியாக டிஸ்கின் உட்கூழைச் சூடாக்கி அழுத்தத்தைக் குறைப்பது அதன் அடிப்படை. வெளியே வந்து விழுந்துவிட்ட துண்டையோ தடித்த எலும்பையோ அது அகற்றாது.

ஆய்வுகள் காட்டுவது

குழாய் முறையை நுண்ணோக்கி முறையோடு ஒப்பிட்டு நெதர்லாந்தின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. 328 நோயாளிகள், யாருக்கு எந்த முறை என்பது ஓராண்டுவரை அவர்களுக்கே தெரியாது. புதுமை மீதான நம்பிக்கையே வலியைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால் இந்த மறைப்பு முக்கியமானது. ஓராண்டில் நல்ல குணம் கண்டதாகச் சொன்னவர்கள் குழாய் முறையில் 69 விழுக்காடு, வழக்கமான முறையில் 79 விழுக்காடு. ஐந்தாண்டில் இரண்டும் சமமாகிவிட்டன. தசைக்குச் சேதம் குறையும் என்ற எதிர்பார்ப்பையும் அதே குழுவினர் இரத்தப் பரிசோதனையாலும் படங்களாலும் அளந்தார்கள், வேறுபாடு தென்படவில்லை. வழக்கமான முறையில் தசைச் சேதம் ஏற்கெனவே சிறிதாக இருப்பதால், அதை மேலும் குறைத்து ஈட்டுவதற்கு அதிகம் மிச்சமில்லை என்பதே என் புரிதல்.

எண்டோஸ்கோப்பிக்குக் கிடைத்த முடிவு சற்றுச் சாதகமானது. மீண்டும் நெதர்லாந்தில், 613 பேரைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் நூறு புள்ளி அளவுகோலில் கால்வலியின் இடைநிலை மதிப்பு எண்டோஸ்கோப்பிப் பிரிவில் 7, நுண்ணோக்கிப் பிரிவில் 16. புள்ளியியல்படி இது உண்மையான வேறுபாடு. ஆனால் இரண்டுமே குறைந்த வலிதான். எனவே ஆய்வாளர்கள், எண்டோஸ்கோப்பி நுண்ணோக்கி முறையைவிடத் "தாழ்ந்ததல்ல" என்ற கவனமான முடிவையே முன்வைத்தார்கள்.

எலும்புக் குழாய் சுருக்கத்தில், பின்கூரையை முழுதாக எடுக்காமல் நடுப்பகுதியைக் காக்கும் மூன்று வெவ்வேறு முறைகளை நார்வே மருத்துவர்கள் 437 பேரிடம் ஒப்பிட்டார்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன.

ஆக, கைதேர்ந்தவர் செய்தால் எந்த வழியும் நரம்பை விடுவிக்கிறது. சிறுதுளை முறைக்கு உண்மையான ஆதாயங்கள் இருக்கின்றன: இரத்த இழப்பும் புண்ணில் கிருமித்தொற்றும் குறைவு, விரைவில் வீடு திரும்பலாம். உடல் பருமனானவர், சர்க்கரை நோயாளி, முழு மயக்கம் கொடுக்கத் தயங்கும் அளவுக்கு இதயமோ நுரையீரலோ பலவீனமான முதியவர் ஆகியோருக்கு இவை சிறிய ஆதாயங்கள் அல்ல. எதிர்ப்பக்கத்தில், பயிற்சி பெற நீண்டகாலம் பிடிக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்தபடியே கருவியைச் செலுத்துவதால் கதிர்வீச்சு கூடுகிறது. நரம்புறை கிழிந்தால் குறுகிய குழலுக்குள் தைப்பது கடினம். பழைய அறுவையின் தழும்பு, சுண்ணாம்பாய் இறுகிய டிஸ்க், பல மட்டங்களில் கடும் சுருக்கம் என்றால் பரந்த காட்சி தரும் திறந்த முறையே பலருக்கும் பாதுகாப்பானது.

பெரிய கேள்வி: ஸ்க்ரூ வேண்டுமா

ஒரு மட்டத்தைப் பிணைக்க நான்கு ஸ்க்ரூக்கள், இரண்டு கம்பிகள், டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு கூண்டு என்பது வழக்கம். இதையும் சிறுதுளைகள் வழியே செய்ய முடியும். அப்படிச் செய்தால் அதற்கும் சிறுதுளை அறுவை என்றே பெயர். ஆனால் உடலுக்குள் நடப்பது, மூன்று சென்டிமீட்டர் திறப்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மூடுவதைவிடப் பலமடங்கு பெரியது. தோலில் தெரியும் தழும்பு அறுவையின் அளவைச் சொல்லாது.

எலும்பு நழுவலோடு சேர்ந்த சுருக்கத்தில் பிணைப்பு அவசியமா என்பதற்கு 2016இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாகின. நழுவல் உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக 247 பேரைக் கொண்ட சுவீடன் ஆய்வில் பிணைப்பால் கூடுதல் பலன் இல்லை. 66 பேரை மட்டும் கொண்ட அமெரிக்க ஆய்வில் சிறு பலன் தெரிந்தது, மறு அறுவையும் குறைந்தது. 2021இல் 267 பேரிடம் நடந்த நார்வே ஆய்வு இதைப் பெருமளவு தெளிவாக்கியது: நரம்பை மட்டும் விடுவித்தவர்களில் 71 விழுக்காட்டினரும் பிணைப்பும் செய்துகொண்டவர்களில் 73 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். இரண்டாண்டில் மறு அறுவை முறையே 12.5 விழுக்காடும் 9.1 விழுக்காடும். எலும்பு தெளிவாக ஆடும் நிலையிலும், முதுகு கோணியிருக்கும்போதும், நரம்புத் துவாரமே சரிந்து மூடியிருக்கும்போதும் பிணைப்புக்கு இடமுண்டு. நழுவல் இல்லாத, முதல்முறை வந்த சாதாரண ஜவ்வு விலகலுக்கு ஸ்க்ரூ பரிந்துரைக்கப்பட்டால், குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு ஆடுவதைக் காட்டுமாறு கேட்பது நோயாளியின் உரிமை.

அறுவைக்குப் பின் எதை எதிர்பார்க்கலாம்

கால்வலி பெரும்பாலும் மயக்கம் தெளிந்த அன்றே குறைகிறது. மரத்துப்போன உணர்வு மெல்ல, மாதக்கணக்கில் திரும்பும். சிலருக்கு ஒரு திட்டாக மிஞ்சிவிடும். தசை வலு எவ்வளவு திரும்பும் என்பது எத்தனை நாள் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தது. தேய்மானத்தால் வரும் இடுப்புவலி இந்த அறுவையின் இலக்கே இல்லை. அது தொடர்ந்தால் அறுவை தோற்றுவிட்டது என்று பொருளாகாது. எந்த முறையில் செய்தாலும், நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே இடத்தில் ஜவ்வு மீண்டும் பிதுங்கக்கூடும்.

அந்த மறுமுறைக்காகவே ஒரு காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "முதுகு அறுவை செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் இருந்தால், எந்த மட்டம், எந்தப் பக்கம், எவ்வளவு எலும்பு எடுக்கப்பட்டது, நரம்புறை கிழிந்ததா, ஸ்க்ரூ என்றால் எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்பவற்றைக் கொண்ட அறுவைக் குறிப்பைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஐந்தாண்டு கழித்து வேறொரு ஊரில் அதே முதுகைத் திறக்கும் மருத்துவருக்கு, தழும்புக்கு அடியில் எலும்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை முன்கூட்டியே சொல்வது அந்தக் குறிப்புதான்.